கடலோரக் காவல்படையில் ஒரு அதிகாரி மேலே வருவது எப்படி? பருத்தித்துறைத் தம்பிக்கு ஒரு பதில்

பருத்தித்துறையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உயர்தரம் எழுதி முடித்துவிட்டாராம். இந்தியக் கடலோரக் காவல்படைக்குக் கிருஷ்ணசுவாமி நடராஜன் என்ற ஒருவர் தலைவராக இருந்தார் என்று வாசித்திருக்கிறார். அப்படிப்பட்ட ஒரு உயர் அதிகாரி உண்மையில் என்ன செய்கிறார், கீழே இருந்து எப்படி அந்த இடத்துக்கு வருகிறார், எங்கள் பக்கத்திலும் அப்படி வர வழி இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. கூடவே, "கடற்படைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் துவக்கோடு கடலில் திரிகிறவர்கள்தானே" என்றும் ஒரு வரி.

தம்பி, அந்தக் கடைசி வரியை முதலில் எடுக்கிறேன். அது தெளியாமல் மற்றது விளங்காது.

கடற்படை போருக்காக இருப்பது. கடலோரக் காவல்படை, போர் இல்லாத நாட்களில் கடலில் சட்டத்தை நடத்துவதற்காக இருப்பது. கடத்தலைப் பிடிப்பது, சட்டவிரோத மீன்பிடியைத் தடுப்பது, ஆபத்தில் சிக்கிய படகைத் தேடி எடுப்பது, எண்ணெய் கசிந்தால் பரவாமல் மறிப்பது, இவைதான் அதன் நாளாந்த வேலை. துவக்கு இருக்கும். ஆனால் ஒரு நல்ல அதிகாரியின் முப்பது வருடச் சேவையில் அது வெடித்த நாட்களை விட, கப்பலில் ஏறிப் பத்திரங்களைப் பார்த்துக் குறிப்பெழுதிய நாட்களே அதிகமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் எல்லை தாண்டும் இழுவைப் படகுகளைப் பிடிப்பது கடற்படை. வடக்குக் கடற்படைக் கட்டளையகம் காங்கேசன்துறையில் இருக்கிறது. பிடித்தவர்களைக் கடற்றொழில் திணைக்கள அதிகாரிகளிடம் கொடுக்க, அவர்கள் ஊர்காவற்றுறை அல்லது பருத்தித்துறை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். இடையில் இலங்கையின் கரையோரக் காவல் திணைக்களத்தின் பெயர் அதிகம் வராது. அக்கரையில் நிலைமை வேறு. அங்கே கடற்படை ஒன்று, கடலோரக் காவல்படை ஒன்று, தமிழ்நாட்டுப் பொலிசின் கீழ் வரும் கடலோரக் காவல் குழுமம் இன்னொன்று. எங்கள் பத்திரிகைகளே சில வேளை மூன்றையும் குழப்பி எழுதிவிடும்.

சரி, நடராஜனுக்கு வருவோம். ஆனால் அவருக்கு முன், அவர் சேர்ந்த படை எப்படி வந்தது என்று கொஞ்சம்.

1970களின் தொடக்கத்தில் இந்தியாவின் மேற்குக் கரையில் தங்கமும் மற்றச் சாமான்களும் தாராளமாகக் கடத்தப்பட்டன. சுங்கத்திடம் இருந்த படகுகள் கடத்தல்காரரின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. போருக்கென்று கட்டிய கப்பலைக் கள்ளக் கடத்தல்காரருக்குப் பின்னால் ஓட்டுவது கடற்படைக்கும் கட்டுப்படியான வேலை இல்லை. 1974 இல் ருஸ்தம்ஜி என்ற மூத்த பொலிஸ் அதிகாரியின் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். தனியாக ஒரு படை வேண்டும் என்று அது சொன்னது. 1977 பெப்ரவரி 1 ஆம் திகதி, கடற்படை கொடுத்த 2 பழைய போர்க்கப்பல்களோடும் 5 ரோந்துப் படகுகளோடும் அது தொடங்கியது. அடுத்த வருடம் சட்டம் வந்தது. முதல் தலைவர் காமத், கடற்படையின் வைஸ் அட்மிரல்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கப்பலும் கடன், தலைவரும் கடன். கப்பல்களைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம், அதைச் செய்தார்கள். தலைவரைக் கட்டுவதற்குத்தான் காலம் எடுத்தது. பல பத்து வருடங்களாகத் தலைமைப் பதவிக்குப் பெரும்பாலும் கடற்படை வைஸ் அட்மிரல்களே வந்தார்கள். 2016 இல் ராஜேந்திர சிங் வந்தார், கடலோரக் காவல்படையிலேயே வளர்ந்த அதிகாரி. அதற்குப் பிறகு வந்த நடராஜன், பதானியா, ராகேஷ் பால், பரமேஷ் சிவமணி எல்லோரும் அதே படையின் சொந்த ஆட்கள். 1977 க்கும் 2016 க்கும் இடையில் 39 வருடங்கள். ஒரு படை தன் ஆட்களையே தொடர்ச்சியாக மேலே கொண்டுவர எவ்வளவு காலம் எடுக்கும் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கான பதிலும் பாதி இதற்குள் இருக்கிறது.

நடராஜன் 1984 ஜனவரியில் சேர்ந்தவர். தலைமைப் பதவியை ஏற்றது 2019 நடுப்பகுதியில். ஏணியில் அவர் மிதித்த படிகளைப் பாருங்கள். முதலில் கரையை ஒட்டி ஓடும் சிறிய ரோந்துக் கப்பல், அது சாந்த்பீபி. பிறகு வேகமான ரோந்துக் கப்பல் கனக்லதா பருவா. அப்புறம் ஆழ்கடலுக்குப் போகும் வீரா. கடைசியில் அந்த வகையிலேயே பெரிய, நவீன கப்பலான சங்ராம். இந்த ஒழுங்கு தற்செயலாக அமைவதில்லை. சிறிய கப்பலின் தளபதி இளவயதுக்காரர். அவருக்குக் கீழே கொஞ்சப் பேர், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும், பிழை விட்டால் அதன் விலையும் சிறியது. பெரிய கப்பலில் நாள்கணக்கில் கரை தெரியாது. மேலதிகாரியைக் கேட்டு முடிவெடுக்க நேரம் கிடைக்காத இடங்கள் வரும். இரண்டுக்கும் இடையில் எத்தனையோ பரீட்சைகளும் இரகசிய அறிக்கைகளும் உண்டு, ஆனால் கப்பலை நடத்தாத ஒருவரை மேலே விடமாட்டார்கள்.

பதவிகளின் பெயரையும் சொல்லிவிடுகிறேன். உதவிக் கொமாண்டன்ட் என்று தொடங்கி, துணைக் கொமாண்டன்ட், கனிஷ்ட தரக் கொமாண்டன்ட், கொமாண்டன்ட், அதற்கு மேல் பிரதி ஐ.ஜி., ஐ.ஜி., மேலதிக பணிப்பாளர் நாயகம், உச்சியில் பணிப்பாளர் நாயகம். ஐ.ஜி. என்றதும் பொலிஸ் நினைவு வருகிறதா? சரியாகத்தான் வருகிறது. பாதிக் கடற்படை, பாதிப் பொலிஸ் என்ற அந்தப் படையின் பிறப்பு பதவிப் பெயர்களிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நடராஜனின் சேவையில் எங்களுக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. அவர் தமிழ்நாட்டுக் கரையில் மண்டபம் என்ற ஊரில் உள்ள கடலோரக் காவல் நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்தவர். பின்னர் தமிழ்நாட்டுப் பகுதியைப் பார்க்கும் 5 ஆம் மாவட்டத்துக்கும் தளபதியாக இருந்தார். அதாவது நெடுந்தீவுக்காரரும் குருநகர்க்காரரும் தொழில் செய்யும் அதே தண்ணீரின் மற்றப் பக்கம். இராமேஸ்வரமும் அதற்குள், கச்சதீவுக்குப் போகும் வழியும் அதற்குள்.

பாக்குக்கடல் ஒரு அதிகாரிக்குச் சுலபமான பாடசாலை இல்லை. முதலாவது, ஆழம் கிடையாது. பெரிய கப்பலைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஆட்சி நடத்த ஏலாது, தரை தட்டிவிடும். அதனால்தான் மண்டபத்தில் காற்று மெத்தையில் ஓடும் ஹோவர்கிராப்ட் வைத்திருக்கிறார்கள். அது மணல் திட்டுக்கு மேலாலும் ஏறிப் போகும். இரண்டாவது, அகலம் கிடையாது. கடற்சட்டப் புத்தகத்தில் 12 கடல் மைல் ஆட்புலக் கடல், 200 கடல் மைல் பொருளாதார வலயம் என்றெல்லாம் படிப்பார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் மொத்தமே 30 கிலோமீற்றருக்குள். அங்கே அந்த இலக்கங்கள் எதுவும் செல்லாது. 1974 ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்படிக்கை கீறிய கோடுதான் கோடு. இரவில் வலை போட்டிருக்கும் ஒருவர் காற்றிலும் நீரோட்டத்திலும் இழுபட்டு, தெரியாமலே அதைத் தாண்டிவிடலாம். தெரிந்தே தாண்டுபவர்களும் இருக்கிறார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடலடியை வழித்து இழுக்கும் இழுவைமடி எங்கள் வலைகளை என்ன செய்தது என்று வடமராட்சிக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்தக் கடலில் பொறுப்பு வகிக்கும் அதிகாரிக்கு, யார் தெரியாமல் வந்தவர், யார் தெரிந்து வந்தவர் என்று பிரிக்கிற கண் வேண்டும். அதோடு ஒரு தொலைபேசி இலக்கமும் வேண்டும். பகிடி இல்லை. 2016 இல் இரு நாட்டு அமைச்சர்களும் சந்தித்துக் கூட்டுச் செயற்குழு ஒன்றை அமைத்தபோது, இரண்டு கடலோரக் காவல் அமைப்புகளுக்கும் இடையில் நேரடித் தொலைபேசித் தொடர்பு வேண்டும் என்பதும் ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயங்களில் ஒன்று. அடுத்த வருடமே இலங்கை இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. 2018 இல் அந்நியப் படகுகளுக்கான தண்டப்பணத்தைப் பெருமளவு கூட்டியது. சட்டம் இறுகியதும் கடலில் ஆட்கள் பிடிபடுவதும் கூடும். அப்போது மறுபக்கத்தில் யார் தொலைபேசியை எடுக்கிறார் என்பது ஒரு படகில் இருக்கும் நாலைந்து பேரின் விதியை மாற்றும்.

இன்னொரு விஷயம், இதை வேலைக்கான விளம்பரம் எதிலும் போடமாட்டார்கள். இந்தக் கடலில் தமிழ் பேசத் தெரிந்த அதிகாரிக்குப் பெறுமதி அதிகம். இரண்டு கரையிலும் வலை இழுப்பவர்கள் தமிழர். சோளகக் காற்றில் எஞ்சின் நின்று இழுபட்டுப் போன ஒருவர், தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் அரை மயக்கத்தில் இருக்கும்போது, எங்கே புறப்பட்டாய், படகில் எத்தனை பேர், மற்றவர் எங்கே என்று கேட்டு உடனே பதில் எடுக்க வேண்டும். மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருந்தால் கடலில் விழுந்த மற்றவரைத் தேடும் நேரம் போய்விடும்.

கப்பலுக்கும் நிலையத்துக்கும் இடையில் நடராஜன் படிக்கவும் போனார். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் யோர்க்டவுன் பயிற்சி நிலையத்தில் தேடுதல் மீட்பு, கடற்பாதுகாப்பு, துறைமுக நடவடிக்கைகள் பற்றிப் பயின்றார். நீலகிரி வெலிங்டனில் உள்ள பாதுகாப்புச் சேவைகள் பணியாளர் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணி, கொச்சியில் உள்ள பயிற்சி மையத்தின் பொறுப்பு, தலைமையகத்தில் மேசை வேலை. மேசை வேலையைப் பலர் தண்டனையாக நினைப்பார்கள். எத்தனை கப்பல் வாங்குவது, எங்கே புது நிலையம் திறப்பது என்று எழுதிக் காசு எடுப்பவர் அந்த மேசையில் இருப்பவர்தான். கடலில் இருக்கிறவருக்குப் படகு கிடைப்பதும் கிடைக்காததும் அவருடைய எழுத்தில் தங்கியிருக்கிறது.

உச்சியில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்டீர்களே. நடராஜன் தலைவராக இருந்த இரண்டரை வருடத்தில் இரண்டு பெரிய கப்பல் விபத்துகள் நடந்தன. இரண்டும் எங்கள் தீவை ஒட்டித்தான்.

2020 செப்ரெம்பர் 3 ஆம் திகதி, குவைத்தில் இருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயோடு போன நியூ டயமண்ட் கப்பலின் எஞ்சின் அறை வெடித்தது. இடம் அம்பாறை சங்கமன்கண்டிக்குக் கிழக்கே. 23 பேரில் ஒருவர் இறந்தார், 22 பேரை எடுத்தார்கள். இலங்கைக் கடற்படையின் கப்பல்கள் போயின. இந்தியக் கடலோரக் காவல்படை தன் கப்பல்களையும், எண்ணெய்ப் படலத்தின் மேல் மருந்து தூவும் டோர்னியர் விமானத்தையும் அனுப்பியது. நாள்கணக்கில் போராடித் தீயை அணைத்தார்கள். தாங்கிகளில் இருந்த மசகு எண்ணெய் தப்பியது. அது உடைந்திருந்தால் பொத்துவிலில் இருந்து மட்டக்களப்பு வரைக்கும் கரை என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது எக்ஸ்பிரஸ் பேர்ள். 2021 மே 20 ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம், மலைபோலப் பிளாஸ்ரிக் குறுமணிகள். இந்தியாவின் வைபவ், வஜ்ரா கப்பல்கள் வந்தன, பிறகு மாசுக் கட்டுப்பாட்டுக்கென்றே கட்டிய சமுத்திர பிரஹரியும் வந்தது. தீ அடங்கியது, ஆனால் கப்பலைக் காப்பாற்ற முடியவில்லை. யூன் 2 ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துப்போக முயன்றபோது தாழத் தொடங்கியது. குறுமணிகள் மேற்குக் கரையெல்லாம் ஒதுங்கின, ஆமைகள் செத்துக் கரையேறின.

இந்த இரண்டிலும் பணிப்பாளர் நாயகம் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கவில்லை. அவர் டெல்லியில் இருந்தார். எந்தக் கப்பலைத் திருப்புவது, அதைத் திருப்பினால் வெறுமையாகும் இடத்தை யார் பார்ப்பது, இன்னொரு நாட்டின் கடலுக்குள் போக அனுமதி எப்படிக் கேட்பது, போன பிறகு அங்கே யாருடைய கட்டளை செல்லும், நுரையும் மருந்தும் எத்தனை நாளைக்குக் காணும், இவைதான் அவருடைய வேலை. கப்பல் சொந்தக்காரன் ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், காப்புறுதி மூன்றாவது நாட்டில் இருக்கும்போது யாரிடம் எதைக் கேட்பது என்பதும் அதோடு சேரும். இப்படியான நேரத்தில் முதல் தடவையாக அறிமுகம் ஆகிக்கொண்டிருக்க நேரமில்லை. இந்தியாவும் மாலைதீவும் 1991 இல் தொடங்கிய தோஸ்தி கூட்டுப் பயிற்சியில் இலங்கை 2012 இல் சேர்ந்தது. பார்க்கிறவருக்குக் கப்பல்கள் வரிசையாக ஓடிப் படம் எடுக்கும் விழா போலத் தெரியும். ஆபத்து வந்த நாளில், யாருடைய வானொலி எந்த அலைவரிசையில், யாருடைய குழாய் யாருடைய பொருத்தியில் ஏறும் என்று முன்பே தெரிந்திருப்பதுதான் அதன் பலன்.

ஒரே பாதையால்தான் ஏறவேண்டும் என்றும் இல்லை. நடராஜனுக்குப் பின் வந்த பதானியா விமானி. ராகேஷ் பால் பீரங்கித் துறையில் பயின்றவர். அவர் பதவியில் இருக்கும்போதே, 2024 ஓகஸ்ட் 18 ஆம் திகதி சென்னையில் மாரடைப்பால் காலமானார். அவருக்குப் பின் வந்த சிவமணி கப்பல் வழிநடத்தலில் பயின்றவர்.

இனி எங்கள் பக்கம். இலங்கையில் கரையோரக் காவல் திணைக்களம் 2009 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவாகி 2010 மார்ச்சில் வேலையைத் தொடங்கியது. தலைமையகம் மிரிஸ்ஸவில். இந்தியா கொடுத்த வருணா என்ற பழைய கப்பல் 2017 இல் இங்கே சுரக்ஷா ஆனது. அடுத்த வருடம் ஜப்பான் 30 மீற்றர் நீளமான 2 ரோந்துக் கப்பல்களைக் கொடுத்தது. கடற்கரைகளில் உயிர்காப்பு, ஆமை முட்டைப் பாதுகாப்பு என்று தெற்கில் அவர்களை அடிக்கடி காணலாம்.

ஆனால் தலைவர் யார்? கடற்படையில் இருந்து அனுப்பப்படும் ரியர் அட்மிரல். அதிகாரிகளிலும் பெரும்பகுதி கடற்படையில் இருந்து வந்தவர்களே. 1977 இல் இந்தியா நின்ற இடத்தில்தான் நாங்கள் இன்னும் நிற்கிறோம் என்பது என் கணிப்பு. கப்பலும் பெரும்பாலும் கொடை, தலைவரும் கடன். சின்ன நாடு, காசில்லாத நாடு, இரண்டு படைக்கு இரண்டு பயிற்சிக் கல்லூரி கட்ட ஏலாது என்பது நியாயமான வாதம்தான். எனக்கு அது முழுதாகச் சம்மதமில்லை. போருக்குப் பயின்றவரை மீட்பு வேலைக்கு அனுப்பலாம், அவர் திறமாகவும் செய்வார். ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் தாய்ப்படைக்குத் திரும்பப்போகிறவர் அந்தத் திணைக்களத்துக்கு இருபது வருடத் திட்டம் போடுவது அரிது.

ஆகவே உங்களுக்கான நேர்மையான பதில் இது. இந்தியப் படையில் சேர இந்தியப் பிரஜையாக இருக்கவேண்டும், அந்தக் கதவு உங்களுக்கு இல்லை. இங்கே உயர் பதவி வரைக்கும் போகிற பாதை, இப்போதைக்குக் கடற்படைக் கடேற் அதிகாரியாகச் சேர்ந்து, திருகோணமலையில் உள்ள கடற்படைக் கல்விக்கழகம் அல்லது கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் வழியாக வந்து, பிறகு கரையோரக் காவலுக்கு இணைக்கப்படுவது. திணைக்களம் நேரடியாகவும் ஆட்களை எடுக்கிறது, ஆனால் அந்த வழியால் தலைமை நாற்காலி வரை போனவர் இன்னும் இல்லை.

கடற்படை என்றதும் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். 1985 இல் குமுதினிப் படகில் போன பொதுமக்கள் கொல்லப்பட்டதை நெடுந்தீவார் மறக்கவில்லை. கரைவலை வாடிகளை விட்டு எழும்பிப் போனவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அம்மாவோ அப்பாவோ வேண்டாம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். மறுபக்கம், இந்தக் கடலைக் காக்கும் மேசைகளில் எங்கள் கரையில் பிறந்த ஒருவரும் இல்லாமல் இருப்பது எங்களுக்கு நல்லதா என்றும் கேட்டுப் பாருங்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் வரை போனது, அதை ஓட்டியவர்கள் எங்கள் ஆட்கள். கடலறிவுக்கு இங்கே ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை.

சீருடையே வேண்டாம், கடல் மட்டும் வேண்டும் என்றால் அதற்கும் வழிகள் உண்டு. கடல் மாசு வந்தால் பொறுப்பேற்பது கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை. கடற்றொழில் திணைக்களத்துக்குப் பரிசோதகர்கள் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் படிக்கலாம். சமுத்திரப் பல்கலைக்கழகத்துக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு நிலையம் உண்டு. 2025 மேயில் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் தாழ்ந்தபோது, பிளாஸ்ரிக் மணிகள் மன்னார்ப் பக்கம் வரை வந்து ஒதுங்கின. அவற்றைப் பொறுக்கவும், எங்கிருந்து எந்த நீரோட்டத்தில் வந்தது என்று கணக்கிடவும் ஆள் தேவைப்பட்டது.

சேருவது என்று முடிவெடுத்தால், விண்ணப்பம் போட முன்னர் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறிப்பாக நிறக் குருடு இருக்கிறதா என்று. கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவரைக் கப்பல் மேல்தளத்தில் நிறுத்தமாட்டார்கள். பல பெடியன்கள் மற்ற எல்லாவற்றிலும் சித்தியடைந்துவிட்டு இந்த இடத்தில்தான் திரும்பி வருகிறார்கள். வயதெல்லையும் உயரமும் அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறும், வர்த்தமானியில் வருவதைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் பேசிப் பழகுங்கள். கணிதத்தில் திரிகோண கணிதத்தை மறந்துவிடாதீர்கள், வழிநடத்தல் பாடம் முழுக்க அதில்தான் நிற்கிறது. நீச்சல் தெரியும் என்று எங்கள் கரைப் பெடியன்கள் நினைத்துக்கொள்வார்கள். தடாகத்தில் நேரம் வைத்து நீந்துவது வேறு விஷயம், அதையும் பழகிக்கொள்ளுங்கள்.